அடுப்படிக்கு ஏற்ற துணி

சமையல் செய்யும்போது உடையின் மேற் கட்டிக்கொள்ளும் ஏப்பிரன் என்னும் முன்துணியை வீட்டிலேயே தைத்துக்கொள்வோர் பலர். புடைவைக் கடைக்குச் சென்றதும் அவர்கள் முதலிற் கேட்பது விலை. அடுத்துப் பார்ப்பது நிறம். நெருப்பின் அருகே நிற்கப்போகும் உடலுக்கு அத்துணி காவலாகுமா என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. ஆயினும், அக்கேள்விக்கு விடை காண மனிதர் பட்ட பாடு நெடிய வரலாறாக விரிந்து கிடக்கின்றது. அதனைச் சுருங்கக் கூறுவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

நேயர்களே, நமது 'குசினி' போர்த்துக்கேயர் தந்த சொல். ஏப்பிரனோ பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொல். பழைய பிரெஞ்சு மொழியில் மேசை விரிப்பை 'நாப்' என்றும், சிறு விரிப்பை 'நாப்பரோன்' என்றும் வழங்கினர். ஆங்கிலேயர் அதனை 'நேப்பிரன்' என ஏற்றனர். 'ஒரு' எனப் பொருள்படும் 'அ' என்பதை முன்வைத்து 'அ நேப்பிரன்' என்று சொல்லச் சொல்ல, நகர மெய் முன்னெழுத்தோடு ஒட்டிக்கொண்டது. எஞ்சியது 'ஏப்பிரன்' ஆயிற்று.

ஐரோப்பிய அடுப்படிகளில் நெடுங்காலம் வழங்கியது ஆளிச் செடியின் நாரினால் நெய்யப்பட்ட லினன் துணியாகும். அது நீரை விரைந்து உறிஞ்சும். காரநீரில் இட்டுக் கொதிக்க வைத்தாலும் தாங்கும். ஆனால் அதனை வெண்மையாக்கப் புல்வெளியில் விரித்துப் பல வாரங்கள் வெயிலில் இடவேண்டியிருந்தது. ஆதலால் தூய வெண்ணிற ஏப்பிரன் செல்வத்தின் அடையாளமாயிற்று. உழைக்கும் பெண்கள் கறை தோன்றாத நீலக் கட்டம் போட்ட துணியை நாடினர்.

17ஆம் நூற்றாண்டில் இந்நிலை மாறலாயிற்று. சோழமண்டலக் கரையிலும் கூர்ச்சரத்திலும் நெய்யப்பட்ட பருத்தித் துணிகளைக் கிழக்கிந்தியக் கம்பனிகளின் கப்பல்கள் ஐரோப்பாவிற் கொண்டுபோய் இறக்கின. கள்ளிக்கோட்டைத் துறையின் பெயரால் அத்துணி 'கலிக்கோ' எனப்பட்டது. அது மென்மையானது, மலிவானது. எல்லாவற்றுக்கும் மேலாக, துவைக்கத் துவைக்க நிறம் மங்காதது. கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் துணியைத் தோய்த்து, படிகாரத்தால் சாயத்தை இழையோடு பிணைக்கும் நுட்பத்தை நம்மவர் அறிந்திருந்தனர். செந்நிறம் தந்தது சாயவேர். ஒல்லாந்தர் தம் ஆட்சிக் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணப் பகுதியிலும் இவ்வேரைத் தோண்டுவித்துச் சேர்த்தனர்.

மக்கள் விரும்பிய துணியை நெசவாளர் வெறுத்தனர். பிரான்சு 1686இல் அச்சிட்ட பருத்தித் துணிகளைத் தடைசெய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700இல் அத்தகைய துணியை உள்நாட்டுப் பயனுக்காக இறக்குவதைத் தடுத்தது. 1719இல் இலண்டன் நெசவாளர் தெருவில் கலிக்கோ உடுத்துச் சென்ற பெண்களின் ஆடையைக் கிழித்தனர்; அமிலத்தையும் வீசினர். 1721இல் நிறைவேறிய சட்டம் கலிக்கோவை உடுத்துவதையே குற்றமாக்கியது. முழு நீலத் துணி போன்ற சிலவற்றுக்கே விலக்கு இருந்தது. 1774இல் உள்நாட்டுப் பருத்தித் துணிக்கு இத்தடை நீங்கியது. அதற்குள் ஆர்க்ரைற் 1769இல் உரிமம் பெற்ற நூற்பு யந்திரம் தொழிலை மாற்றத் தொடங்கியிருந்தது. 1799இல் சாள்சு தெனன்ற் வெளுக்கும் தூளுக்கு உரிமம் பெற்றபின், வெண்துணி ஏழையர் வீட்டுக்கும் எட்டியது.

மலிவோடு இன்னொன்றும் வந்தது, அது தீ. மெல்லிய பருத்தித் துணி எளிதிற் பற்றிக்கொள்ளும் தன்மையது. 1861 யூலையில், அமெரிக்கக் கவிஞர் லோங்ஃபெலோவின் மனைவி பானி, தம் மெல்லிய கோடை உடை தீப்பற்றியதால் மறுநாள் மாண்டார். காக்க முயன்ற கணவரும் கடுங்காயமுற்றார். பின்னர்ப் பிரித்தானியாவில் 'பிளனலெற்' என்னும் துணி, மேற்புறத்து இழைகள் பஞ்சுபோல் எழுந்து நிற்பதனால், குழந்தைகள் பலரின் உயிரைக் குடித்தது. தீப்பற்றாதது எனப் பொய்கூறி அதனை விற்பதைத் தடுக்க 1913இல் ஒரு சட்டம் இயற்றவேண்டி வந்தது.

1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பொலியெசுத்தர் இழையை உருவாக்கினர். அவர்கள் பணியாற்றிய நிறுவனத்தின் பெயர் கலிக்கோ அச்சிடுவோர் சங்கம் என்பது வரலாற்றின் விந்தையாகும். கசங்காத அத்துணி ஏறக்குறைய 260 பாகை செல்சியசில் உருகி, தோலில் ஒட்டிக்கொள்ளும். நைலோனும் அவ்வாறே உருகும். பருத்தி எரியுமே அன்றி உருகாது. எரியும் துணியைப் பிய்த்தெறிய இயலும். உருகி ஒட்டியதை எவ்வாறு பிய்ப்பது?

இவ்வாபத்து நம் நாட்டிற்கும் புதிதன்று. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குச் சரிந்து ஆடை பற்றியதால் கருகிய உயிர்கள் எத்தனையோ. அதனைக் கண்ட சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, சரியாதவாறு குட்டையாகவும் கனமாகவும் திருகு மூடியோடும் ஒரு விளக்கை அமைத்து 1992 முதல் பரப்பினார். அப்பணிக்கு 1998இல் ரோலெக்சு விருது கிடைத்தது. விளக்கைத் திருத்துவது ஒரு காவல். உடையைத் திருத்துவது மற்றொரு காவல்.

ஆகவே, நெருக்கமாக நெய்த, சற்றுத் தடித்த, பஞ்சு எழும்பாத தூய பருத்தித் துணியே ஏப்பிரனுக்கு ஏற்றது. கைத்தறித் துணியும் திறில் துணியும் அவ்வினத்தன. மெல்லிய மசிலினும் பிளனலெற்றும் வேண்டா. கடைக்காரரின் வாய்மொழியை ஐயுற்றால், ஓர் இழையை உருவி, குறட்டாற் பிடித்து, நீர்த்தொட்டியின் மேல் வைத்து எரித்துப் பாருங்கள். காகிதம் எரியும் மணத்துடன் மென்சாம்பலானால் அது பருத்தி. உருகி மணிபோல் இறுகினால் செயற்கை இழை கலந்துள்ளது. பருத்தி முதற் சலவையிற் சுருங்குமாதலால், வெட்டுமுன் துணியை ஓரிரவு நீரில் ஊறவைத்து உலர்த்துக. சாயம் கரைகின்றதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். தொங்கும் நாடாவும் அகன்ற கையும் அடுப்பை எட்டுமாதலால் அவற்றைத் தவிர்க்க. முடிச்சு ஓர் இழுப்பில் அவிழுமாறு இருத்தல் நன்று.

பருத்தியும் தீப்பற்றும் என்பதை மறத்தலாகாது; எந்தத் துணியும் விழிப்பிற்கு ஈடாகாது. எனினும், ஒரு முழத் துணியைத் தெரிந்தெடுக்கும் வேளையில் நிறத்தையும் விலையையும் பார்க்குமுன் நெருப்பை நினைப்பவர், தம் குடும்பத்துக்கு நல்ல காவலைத் தைத்தவராவர்.