கிராஃபிட்டி: கீறலில் பிறந்த சொல்

நகரத்து மதில்களில் ஸ்பிரே பெயின்ட்டால் தீட்டப்படும் எழுத்தையும் படத்தையும் இன்று 'கிராஃபிட்டி' என்கிறோம். ஆனால் சொல்லின் வேரில் வண்ணம் இல்லை, கீறல்தான் இருக்கிறது. இத்தாலிய மொழியில் 'கிராஃபியாரே' என்றால் கீறுதல், பிறாண்டுதல். அதன் வழிவந்த 'கிராஃபிட்டோ' ஒருமை, 'கிராஃபிட்டி' பன்மை. ஆங்கிலத்துக்குப் போனபின் பன்மையே ஒருமைக்கும் வழங்கலாயிற்று.

இச்சொல்லைப் பரப்பியவர்கள் தொல்லியலாளர்கள். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த பாம்பேயி நகரின் சுவர்களில் காதல், வசை, கேலி, கணக்கு என ஆயிரக்கணக்கான கிறுக்கல்கள் கிடைத்தன. 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் கூர்முனையால் கீறியவற்றைக் 'கிராஃபிட்டி' என்றும், தூரிகையால் எழுதியவற்றை 'டிபின்டி' என்றும் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், 1960களின் இறுதியில் ஃபிலடெல்ஃபியாவிலும் நியூயார்க்கிலும் பரவிய ஸ்பிரே எழுத்து உண்மையில் டிபின்டிதான்! பெயர் மட்டும் கிராஃபிட்டி என்றே நிலைத்துவிட்டது. கேட்காமல் பிறர் சுவரில் எழுதுவது என்ற பொருளும் அதோடு ஒட்டிக்கொண்டது.

தமிழில் அதைச் 'சுவரெழுத்து' எனலாம். ஆனால் நமக்கு அது கட்சிச் சின்னத்தையும் தேர்தலையும் நினைவூட்டும். 'கிராஃபிட்டி' என்ற சொல்லின் பழைய பொருளோ நம்மிடம் வேறோரிடத்தில் உயிரோடு இருக்கிறது. கீழடி அகழாய்வில் கிடைத்த பானையோடுகளில் உள்ள குறிகளைத் தொல்லியலார் ஆங்கிலத்தில் கிராஃபிட்டி என்றும், தமிழில் 'கீறல்கள்' என்றும் சொல்கிறார்கள்.