மேஜைக்கு வந்து கேட்காதே என்ற சட்டம் பிறந்த கதை

1882 மே மாதம் அமெரிக்க அரசு ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. அனுப்பியது ஆளும் குடியரசுக் கட்சியின் தேர்தல் குழு. அதன் தலைவர் மிச்சிகன் எம்.பி. ஜே ஹப்பல். சம்பளத்தில் நூற்றுக்கு 2 கட்சிக்குக் கொடுங்கள், இது விருப்ப நன்கொடைதான், நீங்கள் கொடுப்பதை எந்த மேலதிகாரியும் ஆட்சேபிக்கமாட்டார் என்றது கடிதம். பணம் அனுப்பாதவர்களுக்குச் சில மாதங்களில் இன்னொரு கடிதம் போனது: உங்களிடமிருந்து பதில் வராதது வியப்பாக இருக்கிறதாம்.

அந்த 'வியப்பு' ஒரு குமாஸ்தாவின் வயிற்றில் என்ன செய்திருக்கும்! ஆண்டுக்கு 1000 டாலர் வாங்குபவருக்கு 20 டாலர் என்பது ஒரு வாரச் சம்பளம். வேலை கிடைத்ததே கட்சிக்காரர் தயவில். ஆட்சி மாறினால் வேலை போகும், கேட்டதைக் கொடுக்காவிட்டாலும் போகும். வீட்டு வாடகையை நினைத்துக்கொண்டே பணத்தை எண்ணி வைத்தார்கள்.

வழக்கம் பழையது. நியூயார்க் சுங்க அலுவலகம் இந்த வசூலுக்குப் பேர்போனது. 1871 முதல் அங்கே தலைமை அதிகாரியாக இருந்தவர் செஸ்டர் ஆர்தர். 1877-இல் ஜனாதிபதி ஹேய்ஸ் வசூலைத் தடுத்து ஆணையிட்டார். மறுவருடம் ஆர்தரைப் பதவியிலிருந்தும் நீக்கினார். ஆனாலும் வசூல் நிற்கவில்லை.

1881 ஜூலை 2 அன்று, பதவி கேட்டு அலைந்து ஏமாந்த சார்லஸ் கிட்டோ என்பவன் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டான். செப்டம்பரில் அவர் இறந்தார். துணை ஜனாதிபதியாக இருந்த அதே ஆர்தர் ஜனாதிபதியானார். பதவிகளைக் கட்சிக்காரர்களுக்குப் பங்கு போடும் முறைமீதே மக்களின் கோபம் திரும்பியது. ஓஹையோ செனட்டர் ஜார்ஜ் பெண்டில்டன் கொண்டுவந்த சட்டத்தில் 1883 ஜனவரி 16 அன்று ஆர்தர் கையெழுத்திட்டார். சுங்க அலுவலகத்தில் வளர்ந்தவரின் கை அது என்பதால் அந்தக் கையெழுத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தேர்வு வைத்து ஆளெடுக்கும் முறையைக் கொண்டுவந்த சட்டம் என்றே இதைச் சொல்வார்கள். எனக்கு அதன் கடைசிப் பிரிவுகள்தான் முக்கியம். அரசு வேலை நடக்கும் எந்த அறையிலும், கட்டடத்திலும் கட்சிக்குப் பணம் கேட்கக் கூடாது. கொடுத்தார், கொடுக்கவில்லை என்பதற்காக யாரையும் உயர்த்தவோ நீக்கவோ கூடாது. மீறினால் 5000 டாலர் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அறையைக் குறிப்பிட்டு எழுதியவர்களுக்கு ஊழியரின் நிலை தெரிந்திருக்கிறது. தெருவில் கேட்டால் மறுத்துவிட்டு நடக்கலாம். மேஜைக்கே வந்து கேட்டால் எங்கே எழுந்து போவது?

வசூல்காரர்கள் சந்து தேடினார்கள். டல்லாஸ் தபால் நிலைய ஊழியருக்கு நிதி கேட்டு ஒருவர் கடிதம் எழுதினார். நான் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கவே இல்லையே என்பது அவர் வாதம். 1908-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹோம்ஸ் அதை ஏற்கவில்லை. கடிதம் எந்த இடத்தில் போய்ச் சேர்ந்ததோ, பணம் கேட்டதும் அந்த இடத்தில்தான் என்று தீர்ப்பளித்தார்.