வானலையும் விளையாட்டுரிமையும்

விளையாட்டைக் காண்பவர்க்கும் காட்டுபவர்க்கும் இடையே விலை புகுந்த வரலாறு நம் நாட்டில் நெடியதன்று. மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28இல் அரசின் பணியாகத் தொடங்கிற்று. 1984இல் வந்த தனியார் நிலையமான டிவி3 விளம்பர வருவாயால் நடந்தது. 1996இல் ஆஸ்ட்ரோ வந்த பின்னரே, மாதச் சந்தா செலுத்துவோர்க்குத்தான் சில ஆட்டங்கள் என்னும் நிலை வேரூன்றியது. 2018இல் டெலிகாம் மலேசியா உள்நாட்டுக் காற்பந்தின் ஒளிபரப்புரிமைக்கென எட்டாண்டுக்கு 48 கோடி ரிங்கிட் தர இசைந்தது. மறு ஆண்டே அவ்வொப்பந்தம் முறிந்தது.

விலை பேசுவோர் நடுவே பொதுமக்களின் உரிமை யாது? இந்தியாவில் இவ்வினா நீதிமன்றம் வரை சென்றது. 1993இல் ஹீரோ கிண்ணப் போட்டியின் உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் அயல்நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. அரசின் தூர்தர்ஷன் அதனை எதிர்த்தது. 1995 பிப்ரவரி 9இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மூவர் தீர்ப்பு வழங்கினர். அவருள் எஸ். மோகன் தமிழர். வானலை பொதுமக்கள் சொத்து; அதனை அரசோ தனியாரோ முற்றுரிமை கொள்ளலாகாது என்பதே தீர்ப்பின் சாரம். பின்னர், நாட்டுச் சிறப்புடைய போட்டிகளின் நேரடி ஒளிபரப்பைப் பொது நிறுவனமான பிரசார் பாரதியுடன் பகிர்தல் வேண்டும் என 2007ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

2022இல் நிலைமை மாறியது. ஐ.பி.எல். கிரிக்கெட்டின் ஐந்தாண்டு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. இந்தியாவில் தொலைக்காட்சியில் காட்ட ஸ்டார் நிறுவனம் அளித்தது 23,575 கோடி. இணையவழி காட்ட வயாகாம்18 அளித்ததோ ஏறத்தாழ 23,758 கோடி!

ஈண்டு ஒன்றை நுணுகி நோக்குதல் வேண்டும். வானலை பொதுச்சொத்து என்பது பழைய வாதம். இணைய ஒளிபரப்போ பெரும்பாலும் கண்ணாடியிழைக் கம்பி வழியே வருகிறது. கம்பி தனியாருடையதாயின் மக்கள் உரிமை மாய்ந்துவிடுமா? மாயாது. உரிமையின் வேர் அலையில் இல்லை, ஆட்டத்தில் உள்ளது. பொதுப்பணத்தில் எழுந்த திடலும், பள்ளிகளில் பயின்ற வீரரும், நாட்டின் பெயரும் சேர்ந்தே ஆட்டம் ஆகின்றது. பிரிட்டன் இதனை உணர்ந்தது. ஒலிம்பிக், உலகக் கிண்ணக் காற்பந்து முதலியவற்றைப் பொதுமக்களுக்கெனக் காக்கும் தன் விதிகளுக்குள் 2024ஆம் ஆண்டு ஊடகச் சட்டத்தால் இணைய நிறுவனங்களையும் கொணர்ந்தது.

எல்லா ஆட்டமும் விலையின்றி வேண்டும் என்பது நம் கருத்தன்று. வருவாயின்றிக் கழகங்கள் வாழா. எனினும், தாசேக் கெலுகோரில் சந்தா செலுத்த இயலாத முதியவர் ஒருவர் தம் நாட்டுக் குழுவின் இறுதியாட்டத்தைக் காண்பது வணிகரின் கருணையால் அமைதல் ஆகாது. சட்டத்தால் அமைதல் வேண்டும்.