சாத்தான்

எபிரேயத்தில் 'சாத்தான்' முதலில் ஒருவரின் பெயரன்று. எதிர்த்து நிற்பவன், வழிமறிப்பவன் என்னும் பொதுச்சொல். எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்தில் பிலேயாம் ஏறிவந்த கழுதையை மறித்து நிற்கும் கர்த்தருடைய தூதனுக்கே இச்சொல் வருகிறது. போர்க்களத்தில் தாவீது தங்களுக்குச் 'சாத்தான்' ஆகிவிடுவானோ என்று பெலிஸ்தப் பிரபுக்கள் அஞ்சியதை 1 சாமுவேல் 29 சொல்கிறது. தேவதூதனும் மனிதனும் ஒரே சொல்லைத் தாங்கும் இவ்விடங்களை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது.

யோபின் புத்தகத்தில் இச்சொல்லுக்கு முன் 'ஹ' என்னும் சுட்டு சேர்கிறது. எபிரேய இயற்பெயர்களுக்கு அது பொதுவாகச் சேர்வதில்லை. ஆகவே தேவபுத்திரரோடு கடவுளின் முன்னிலையில் வந்து நிற்பவனை, குற்றம்சாட்டும் பொறுப்புடையவன் என்றே கொள்ளத் தோன்றுகிறது. கடவுள் வகுத்த எல்லையை அவன் அங்கே தாண்டுவதும் இல்லை. 1 நாளாகமம் 21இல் 'ஹ' கிடையாது. சொல் பெயராக இறுகத் தொடங்கியதற்கு அது அடையாளம் என்பார் பலர்.

யோபைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'தியாபொலொஸ்' என்றனர். அவதூறு சொல்பவன் என்பது அதன் பொருள். புதிய ஏற்பாட்டில் வரும் அக்கிரேக்கச் சொல்லைத் தமிழ் வேதாகமம் 'பிசாசு' என்கிறது. வடமொழிப் பிசாசமோ ஊன் தின்னும் பேய். யோபின்மேல் குற்றம்சாட்டியவனுக்கும் அதற்கும் வெகுதூரம்.