காவிரிப் படுகையில் எரிவாயுக் கிணறுகள்: ஊர்மக்களும் நிறுவனங்களும்

"தொழில் வளர்ச்சியும் மக்கள் நலனும்" என்ற மாதிரி ஒரு தலைப்பைக் கட்டுரைக்குக் கொடுத்துப் பாருங்க. நிறுவனங்கள் பொறுப்போடு நடக்க வேண்டும், மக்கள் ஒத்துழைக்க வேண்டும், அரசு கண்காணிக்க வேண்டும் என்று மூன்று பத்தி வந்துவிடும். தப்பு ஒன்றும் இல்லை. ஆனா எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் யாரோடு ஒத்துழைத்தார்கள், அது எப்படி முடிந்தது என்று கேட்டால் மாணவர்களிடம் பதில் இருக்காது. அந்தக் குறைக்கு உதவும் என்று நினைத்துத்தான் காவிரிப் படுகையின் எரிவாயு வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

எரிவாயு நம்ம ஊருக்குப் புதிய பொருள் இல்லை. கோலசிலாங்கூரிலிருந்து கிள்ளான் போகிற வழியில் காப்பார் மின்நிலையம் இருக்கிறது. நிலக்கரியோடு எரிவாயுவையும் எரித்து மின்சாரம் எடுக்கிற இடம். பெட்ரோனாஸின் தீபகற்பக் குழாய்த்தடம் கெர்த்தேவில் தொடங்கி, மேருவிலிருந்து வடக்கே பெர்லிஸ் வரை போகிறது. 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள், சுபாங் ஜெயாவின் புத்ரா ஹைட்ஸ் பகுதியில் அந்தக் குழாய் வெடித்து எரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், வீடுகள் கருகின. குழாய் நம் காலடியில் இருக்கிறது என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஆனால் நம் நாட்டில் கிணறு தோண்டுவது பெரும்பாலும் கடலில். வயலுக்கு நடுவில் கிணறு வந்தால் ஊர் என்ன செய்யும் என்று பார்க்க, நம் முன்னோர்களில் பலர் கப்பலேறிய நாகப்பட்டினம், தஞ்சாவூர் பக்கம்தான் போக வேண்டும்.

1956இல் அமைக்கப்பட்ட ஓஎன்ஜிசி என்ற இந்திய அரசு நிறுவனம் 1960களிலேயே காவிரிப் படுகையில் ஆய்வைத் தொடங்கியது. 1980களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. 1993இல் நாகப்பட்டினம் அருகே ஒரு சிறிய சுத்திகரிப்பு ஆலை வந்தது. குத்தாலம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால் என்று ஊர் ஊராகக் கிணறுகள் பெருகின. அங்கே கிடைத்த எரிவாயுவை வைத்துத் திருமக்கோட்டையிலும் குத்தாலத்திலும் மின்நிலையங்கள் ஓடின.

இந்தக் காலத்தில் பெரிய எதிர்ப்பு எதுவும் எழவில்லை என்பதைக் கவனிக்கணும். விவசாயி நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தார், ஆண்டுதோறும் பணம் வந்தது. வயலுக்கு நடுவே நல்ல சாலை வந்தது. பள்ளிக் கட்டடம், மருத்துவ முகாம் என்று நிறுவனம் ஊருக்குச் சில உதவிகளும் செய்தது. இதை ஒத்துழைப்பு என்றுதான் நிறுவனம் சொல்லும். அதை முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. என் கணிப்பில், இது சம்மதம் கேட்டு வந்த ஒத்துழைப்பு இல்லை. கேள்வி எழாததால் நீடித்த அமைதி. கீழே எவ்வளவு ஆழம் போகிறார்கள், என்ன எடுக்கிறார்கள், கழிவு எங்கே போகிறது என்பதெல்லாம் குத்தகைக்குக் கொடுத்தவருக்கே தெரியாமல் இருந்த ஊர்கள் உண்டு.

அமைதி கலைந்தது மீத்தேன் திட்டத்தால். நிலக்கரிப் படுகையில் ஒட்டியிருக்கும் மீத்தேன் வாயுவை எடுக்க, மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பு 2010இல் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி என்ற தனியார் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. 2011 ஜனவரியில் தமிழக அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. இதில் அறிவியலைக் கொஞ்சம் விளக்காமல் போனால் மாணவர்களுக்குப் புரியாது. நிலக்கரிக்குள் மீத்தேனைப் பிடித்து வைத்திருப்பது அங்குள்ள தண்ணீரின் அழுத்தம். அந்தத் தண்ணீரை இறைத்து வெளியேற்றினால்தான் அழுத்தம் குறையும், வாயு பிரிந்து மேலே வரும். அதாவது வாயு வேணும்னா முதலில் தண்ணீரை எடுக்கணும். வெளியே வரும் தண்ணீர் பெரும்பாலும் உப்புத்தன்மை உடையது, அதை எங்கேயாவது விட்டாகணும். கடலோர நெல் வயலில் நிலத்தடி நீர் இறங்கினால் கடல்நீர் உள்ளே வரும் என்பது விவசாயிக்குப் பாடப்புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

இந்தச் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார். எழுபத்தைந்து வயதில் டெல்டா கிராமங்களில் நடந்து பேசினார். அந்தப் பிரசாரத்தின்போதே, 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். அதே ஆண்டில் தமிழக அரசு வல்லுநர் குழு ஒன்றை அமைத்திருந்தது. 2015இல் திட்டத்துக்கு அனுமதி இல்லை என்று அரசு அறிவித்தது.

அதற்கிடையில் இன்னொரு செய்தி வந்தது. 2014 ஜூன் 27, ஆந்திராவின் கோதாவரிப் படுகையில் நகரம் என்ற ஊரில் கெயில் நிறுவனத்தின் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காவிரிப் படுகை மக்கள் தங்கள் வயலில் போகும் குழாயை அதற்குப் பிறகு வேறு கண்ணோடு பார்த்தார்கள்.

2017 பிப்ரவரியில் மத்திய அரசு சிறு வயல்களைத் தனியாருக்குக் கொடுக்க ஒப்புதல் அளித்தது. பட்டியலில் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலும் இருந்தது. அங்கே ஓஎன்ஜிசி பல ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வுக் கிணறு தோண்டி மூடி வைத்திருந்தது. ஊர்க்காரர்கள் அதை மறந்தே போயிருந்தார்கள் என்று சொல்லலாம். நெடுவாசல் ஆற்றுப் பாசன ஊர் இல்லை. ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி நெல், வாழை, தென்னை, பலா, பூ என்று விளைவிக்கும் ஊர். நிலத்தடி நீர் போனால் எல்லாம் போச்சு. மீத்தேன் விவகாரம் ஏற்கெனவே காதில் விழுந்திருந்ததால் இந்த முறை ஊர் உடனே உட்கார்ந்துவிட்டது. பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் பந்தலில் இருந்தார்கள். மாதக்கணக்கில் நீண்ட போராட்டம் அது. இது மீத்தேன் திட்டம் அல்ல, வேறு வகை எரிவாயு, தண்ணீரை அப்படி இறைக்க வேண்டியதில்லை என்று அரசுத் தரப்பு விளக்கியது. விளக்கத்தில் உண்மையும் இருந்தது. ஆனா பட்டியல் வெளியான பிறகு வரும் விளக்கத்தை யார் நம்புவார்கள்?

அதே ஆண்டு ஜூன் 30, தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாயில் கசிவு ஏற்பட்டு வயலில் எண்ணெய் பரவியது. தமிழாசிரியர்களுக்கு இந்த ஊர்ப்பெயர் பழக்கமானது. கம்பரின் வீட்டுக் கூரையை வனதுர்க்கை நெற்கதிரால் வேய்ந்ததால் "கதிர் வேய்ந்த மங்கலம்" என்று பெயர் வந்ததாக ஒரு மரபுக் கதை உண்டு. அந்த ஊரில் மக்கள் கசிந்த இடத்தைச் சூழ்ந்து, மாவட்ட ஆட்சியர் வரணும் என்று உட்கார்ந்தார்கள். வைக்கோல் எரிந்தது, போலீஸ் தடியடி நடத்தியது, பத்துப் பேர் கைதானார்கள். நிறுவனம் இதைச் சிறு கசிவு என்றது. அளவில் சிறியதாகவே இருக்கலாம். பல ஆண்டுகள் அமைதியாக இருந்த ஊர் ஒரு சிறு கசிவில் கொதித்தது ஏன் என்பதுதான் வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வி. நம்பிக்கை அதற்கு முன்பே போய்விட்டது.

2020 ஜனவரியில் மத்திய அரசு விதியை மாற்றியது: நிலத்தில் ஆய்வுக் கிணறு தோண்ட இனிப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை. மக்கள் கேள்வி கேட்பதற்கு இருந்த சட்டபூர்வமான இடம் அது. அடுத்த மாதமே தமிழக அரசு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டையின் சில பகுதிகளையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிச் சட்டம் இயற்றியது. புதிய கிணறு கூடாது. ஏற்கெனவே ஓடும் கிணறுகள் ஓடலாம்.

ஏழை நாட்டு நிலைமை இது என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தின் குரோனிங்கனில் 1959இல் ஐரோப்பாவின் மிகப் பெரிய எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. நாடே அதனால் செழித்தது. வாயு வெளியேற வெளியேற நிலம் இறங்கி, சிறு சிறு நிலநடுக்கங்கள் வந்தன. 2012 ஆகஸ்டில் ஹுய்சிங்கே ஊரில் 3.6 அளவில் அதிர்ந்தது. வீட்டுச் சுவர் விரிசலுக்கு எரிவாயுதான் காரணம் என்று வீட்டுக்காரர் நிரூபிக்க வேண்டியிருந்தது. 2016 இறுதியில் சட்டம் அதைத் திருப்பிப் போட்டது: காரணம் எரிவாயு இல்லை என்று நிறுவனம்தான் நிரூபிக்கணும். என்னைப் பொறுத்தவரை, பொறுப்பான தோண்டல் என்பதற்கு ஆயிரம் நலத்திட்டத்தை விட இந்த ஒரு வரிச் சட்டம் நல்ல உதாரணம். 2023 அக்டோபர் 1 அன்று அங்கே உற்பத்தியே நிறுத்தப்பட்டது.

இனி, நமக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். காவிரிப் படுகையில் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது பட்டா வைத்திருந்தவரோடு. குத்தகைப் பணம் அவருக்கு. அந்த வயலில் நாற்று நட்ட கூலிக் குடும்பத்துக்கு? வயல் கிணற்றுத் தளமானதும் வேலை போனது. இழப்பீட்டுத் தாளில் அவர்கள் பெயர் இல்லை. "ஊர்மக்கள்" என்று நாம் எளிதாக எழுதும் சொல்லுக்குள் நிலம் உள்ளவரும் இல்லாதவரும் இருக்கிறார்கள். மலாயாவுக்குச் சஞ்சிக்கூலியாகவும் கங்காணி வழியாகவும் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டாவது வகைக் குடும்பங்கள்தாம்.

இங்கே வந்தும் அந்த நிலை மாறவில்லை. பத்து ஆராங்கில் மலாயன் கோலியரீஸ் நிறுவனம் 1915 முதல் நிலக்கரி வெட்டியது. சீனரும் தமிழரும் அங்கே உழைத்தார்கள். நிலம், வீடு, வேலை எல்லாம் நிறுவனத்துடையது. 1937இல் தொழிலாளர்கள் சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்து வேலைநிறுத்தம் செய்தபோது போலீஸ் படை அனுப்பி அடக்கினார்கள். 1960இல் சுரங்கம் மூடியது. கீழே குடைந்த பாதைகளால் மேலே கட்டடம் எழுப்புவது இன்றைக்கும் சிக்கல்தான். நம் பக்கத்தில் நைகல் கார்ட்னர், மேரி, மின்யாக், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்த கதை எல்லோருக்கும் தெரியும். தோட்டம் கைமாறும்போது பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

வகுப்பில் இதைப் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. நிறுவனம், அரசு, நிலவுடைமையாளர் என மூன்று குழு பிரித்துக் கலந்துரையாடல் வைப்பது வழக்கம். நான்காவதாக நிலமில்லாத கூலிக் குடும்பம் ஒன்றையும் சேருங்க. கிணறு தோண்டும் முன் அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் எழுதச் சொல்லுங்க: தோண்டும் முன்பே எங்கள் குடிநீரைச் சோதித்துப் பதிவு செய்தீர்களா, கழிவுநீர் எங்கே போகும், கசிவு என்றால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள், வேலை போனால் கூலி உண்டா. இந்தக் குழுவுக்குத் தயாரிக்கக் கூடுதலாகப் பத்து நிமிடம் கொடுங்க. அவர்கள் தரப்புச் செய்தி பத்திரிகைகளில் குறைவாகத்தான் கிடைக்கும்.