துருவைச் சுவாசித்த உயிர்

1911. இங்கிலாந்தின் நியூகாசிலில் தாவரவியல் பேராசிரியர் மைக்கேல் பாட்டர், ஈஸ்ட் நொதித்துக்கொண்டிருந்த கரைசலுக்குள் பிளாட்டினத் தகட்டை இறக்கினார். கருவியின் முள் அசைந்தது. கிடைத்தது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. ஆனாலும் நுண்ணுயிர் உண்ணும்போது மின்சாரம் பிறக்கிறது என்று உறுதியானது. கட்டுரை வெளிவந்தது, உலகம் கண்டுகொள்ளவில்லை.

1931இல் அமெரிக்காவின் பார்னெட் கோஹன் இத்தகைய மின்கலங்களை வரிசையாக இணைத்து 35 வோல்ட் வரை ஏற்றிக் காட்டினார். மின்னோட்டமோ வெறும் 2 மில்லிஆம்பியர். உயிரணுவுக்குள் இருந்த எலெக்ட்ரானை வெளியே இழுக்க ரசாயனமும் ஊற்ற வேண்டியிருந்தது. கை நிறைய வேலை, கடுகளவு பலன். ஆய்வு படுத்துவிட்டது.

அதை எழுப்பியது ஆற்றுச் சேறு. 1987இல் வாஷிங்டன் அருகே போட்டோமாக் ஆற்றின் அடியில் நுண்ணுயிரியலாளர் டெரெக் லவ்லி ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்தார். காற்றுப் புகாத அந்தச் சேற்றில் அது ஆக்சிஜனுக்குப் பதிலாக இரும்புத் துருவைச் சுவாசித்தது. துரு திடப்பொருள், உயிரணுவுக்குள் நுழையாது. அப்படியானால் இந்த உயிர் எலெக்ட்ரானைத் தானே வெளியே கொண்டுவந்து கொடுக்கிறது! துருவுக்குப் பதில் ஒரு கிராஃபைட் தகட்டை நீட்டினால்?

நீட்டினார்கள். கடற்சேற்றில் ஒரு தகடு, மேலே நீரில் ஒன்று, நடுவே கம்பி. மின்சாரம் ஓடியது. சேற்றுத் தகட்டை எடுத்துப் பார்த்தால், லவ்லி கண்ட பாக்டீரியாவின் உறவுக் கூட்டம் அப்பிக் கிடந்தது. ரசாயனம் தேவைப்படவில்லை. ஆனால் இந்தக் கூட்டத்துக்கு ஓயாமல் சோறு போடுவது யார்?

விடை அந்தச் சேற்றின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. இலை சமைக்கும் சர்க்கரையில் ஒரு பங்கு வேர்வழியே மண்ணில் கசிகிறது. நெதர்லாந்தின் வாகனிங்கனில் டேவிட் ஸ்ட்ரிக் குழு நீர்ப்புல் ஒன்றை கிராஃபைட்டுக்குள் வேர்விட வைத்தது. 2008இல் வெளியான அளவு, சதுர மீட்டருக்கு உச்சமாக 67 மில்லிவாட். சொற்பம்தான், ஆனால் ஒரு புல்லைக்கூட அறுக்கவில்லை. மறு ஆண்டே ஸ்ட்ரிக்கும் மார்யோலைன் ஹெல்டரும் பிளான்ட்-இ நிறுவனத்தைத் தொடங்கினர். 2014 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் அருகே பழைய வெடிமருந்து வளாகத்தில் 300க்கும் மேற்பட்ட எல்இடி விளக்குகள் எரிந்தன. அவற்றுக்கு மின்சாரம் கொடுத்தவை, உயிரோடு வளர்ந்துகொண்டிருந்த செடிகள்.

போட்டோமாக் சேறும் சும்மா இருக்கவில்லை. செடியின் துணைகூட இல்லாமல், அங்கே ஒரு வானிலை மிதவை சேற்று மின்சாரத்திலேயே வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் அளந்து தகவல் அனுப்பியதை அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தினர் 2008இல் அறிவித்தனர்.

இப்படியொரு மிதவை மலேசியாவின் மெர்சிங் துறைமுகத்துக்கும் உதவும். அங்கே ஆற்றுமுகம் ஆழமற்றது. தியோமான் தீவுக்குச் செல்லும் படகுகள் நீர் ஏறும்வரை காத்திருக்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் படகுப் போக்குவரத்தே குறைந்துவிடுகிறது. வானிலைத் தகவலின் அருமை தெரிந்த ஊர். காற்றுப் புகாத உப்புச் சேறும் அதற்கு உணவூட்டும் அலையாத்தி வேர்களும் அங்கே இருக்கின்றன. அப்படியொரு மிதவையை மிதக்கவிட இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.