மேல்நோக்கி எழும் மின்னல்: புத்தளக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மின்னல் முகிலிலிருந்து நிலத்துக்கு இறங்குவது என்பதே பொதுவான எண்ணம். இடிமுகிலின் உச்சிக்கு மேலேயும் மின்னிறக்கங்கள் நிகழ்கின்றன என்பதை விஞ்ஞானம் ஏற்றுக்கொண்ட வரலாறு, எவருடைய கண்கண்ட சாட்சியம் அறிவாக மதிக்கப்படுகின்றது என்னும் வினாவோடு பிணைந்ததாகும்.

இத்தகைய காட்சி பற்றிய குறிப்பொன்று 1886ஆம் ஆண்டிலேயே ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. 1925இல் சி. ரி. ஆர். வில்சன் இதற்குக் கோட்பாட்டு விளக்கம் அளித்தார். உயரே செல்லச் செல்ல முகிலின் மின்புலம் குறைகின்றது. ஆயின் வளியின் அடர்த்தி அதனினும் விரைவாகக் குறைகின்றது. எனவே ஓர் உயரத்தில் வளி மின்னிறக்கத்துக்கு இடங்கொடுத்தே ஆதல் வேண்டும். கோட்பாடு இருந்தும், விமானிகளின் கூற்றுக்கள் நெடுங்காலம் ஐயத்துடனேயே நோக்கப்பட்டன. 1989 யூலை 6இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வின்க்லர் குழுவினர் வேறொரு பணிக்கான ஒளிப்படக் கருவியைச் சோதிக்கையில், தொலைவிலுள்ள புயல்முகிலுக்கு மேல் ஒளித்தூண்கள் தற்செயலாகப் பதிவாயின. கருவி கண்ட பின்னரே கண்கள் கண்டதும் உண்மையாயிற்று!

அன்று பதிவானது, பின்னர் ‘ஸ்பிறைற்’ எனப் பெயர் பெற்ற செந்நிற ஒளிர்வாகும். அது பெரும்பாலும் மிக உயரத்தில் தோன்றிக் கீழ்நோக்கிப் பரவுவது. முகிலுச்சியினின்று மெய்யாகவே மேலெழுவன நீலத்தாரைகளும் இராட்சதத் தாரைகளுமே. 2015இல் விண்வெளி வீரர் அந்திரேயாஸ் மோகன்சன், நமக்கு அண்மையிலுள்ள வங்காள விரிகுடாவின் மேல் ஒரு முகிலைப் படம்பிடித்தார். 160 செக்கன்களில் 245 நீல ஒளிர்வுகள் அதிற் பதிவாகியிருந்தன. ஒரு தாரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர் உயரம் வரை சென்றது.

1344இல் இபின் பதூதா வந்திறங்கிய புத்தளக் கரையின் எழுத்து வரலாறு முத்தையும் கறுவாவையும் மன்னரையும் பேசும் அளவுக்கு, வானைப் பார்த்துத் தொழில் செய்த கடலோடிகளைப் பேசுவதில்லை. கற்பிட்டியிலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. புவியின் வளைவு அத்தொலைவில் அடியிலுள்ள மூன்று கிலோமீற்றர் அளவையே மறைக்கும். பதினைந்து கிலோமீற்றர் உயர்ந்த முகிலின் தலையும் அதற்கு மேலுள்ள வெளியும் மறைவின்றித் தெரியும். அருகில் நிற்போருக்கு முகிலே தடை. இத்தகைய தொலைவே இக்காட்சிக்கு உகந்தது. எனவே, கற்பிட்டி, உடப்பு மீனவர்களிடம் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டும் பணியை நம் பல்கலைக்கழகத் துறைகள் மேற்கொள்ளுதல் வேண்டும். வினாவும் முன்கூட்டியே விடை புகட்டாததாக அமைதல் வேண்டும்: ஒக்ரோபர், நவம்பர் மாத இரவுகளில், வடமேற்கே மின்னும் முகிலுக்கு மேலே, விண்மீன்கள் தெரியும் வெளியில், என்ன கண்டீர்கள்?